அளந்து பார்த்த பிறகே சொல்ல வேண்டிய சொல்

 

காலையில் கார் கிளம்ப மறுத்துவிட்டால், அங்கே நிற்கும் எல்லோருடைய வாயிலும் முதலில் வருவது ஒரே சொல்தான்: "பேட்டரி போச்சு." சாவியைத் திருப்பியவர் சொல்வார். மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். வண்டியைப் பார்க்காமலே தொலைபேசியில் மெக்கானிக்கும் சொல்வார். ராஜபாளையம் தென்காசி சாலையில் வாகன மின்பணிப் பட்டறை நடத்திவரும் சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் இந்தச் சொல்லைக் கேட்காத நாள் அரிது. சில நேரங்களில் அது உண்மையாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் அளந்து பார்க்காமல் சொல்லப்படும்போது அது வெறும் ஊகமே. அந்த ஊகத்துக்கான விலையைக் கொடுப்பவரோ, விவரம் அறியாமல் நம்மை நம்பி வந்த மனிதர்.

எங்களுக்குத் தொழில் கற்றுத்தந்த அத்தா, "முதல்ல மீட்டர் பேசட்டும், அப்புறம் நீங்க பேசுங்க" என்பார்கள். அந்தச் சொல்லின் கனத்தைக் கடந்த ஆண்டு எங்களிடம் வந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நன்றாகவே உணர்த்தியது. குடும்பங்களுக்குப் பயன்படும் செய்திகள் அதில் பல இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

அந்தக் காரின் பெயர் சான் ஸ்டார்ம். பெங்களூருவின் சான் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய இரண்டு இருக்கை வண்டி அது. ரெனோ நிறுவனத்தின் 1149 சிசி எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன், திறந்து மூடும் கூரை, ஃபைபர் கிளாஸ் உடல். நம் நாட்டிலேயே தயாரான ஸ்போர்ட்ஸ் கார்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. சாலையில் பார்ப்பதே அபூர்வம். திருவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடைய வீட்டில் அப்படி ஒன்று நின்றிருந்தது. அவருடைய கணவர் ஆசைப்பட்டு வாங்கிப் பேணிய வண்டி. கணவர் காலமான பிறகு, அவரிடமே ஓட்டக் கற்றிருந்த டீச்சரம்மா ஞாயிறுதோறும் அதை ஓட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் உள்ள தம் தங்கை வீட்டுக்கு வந்துபோவார்.

ஒன்றரை ஆண்டில் அந்த வண்டிக்கு இரண்டு புதிய பேட்டரிகள் போடப்பட்டிருந்தன. இரண்டாவதும் படுத்துவிட்டது. ஒருநாள் இருட்டிய நேரத்தில் சாலையோரம் வண்டி நின்றுபோக, அவர் தனியாக நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். பார்க்க வந்த ஒரு தரகர், "வயரிங் முழுவதும் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் உருவிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்" என்று சொல்லி விலையில் 40,000 ரூபாயைக் குறைத்துக் கேட்டார். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சிறிய தொகையா?

வண்டியைக் கட்டி இழுத்து எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். டீச்சரம்மா இறங்கியதுமே, "தம்பி, இன்னொரு புது பேட்டரி போட்டுக் குடுத்திருங்க. விக்கிற வரைக்கும் ஓடினாப் போதும். பணம் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

"பார்த்துட்டுச் சொல்றோம்மா. ரெண்டு நாள் வண்டி இங்க இருக்கட்டும்" என்றோம்.

அவர் போனதும் எங்களிடம் தொழில் கற்கும் இளைஞன் கேட்டான்: "அண்ணே, அவங்களே கேக்குறாங்க. பணமும் கையில வச்சிருக்காங்க. போட்டுக் குடுத்துட்டா என்ன தப்பு?" கேள்வி நியாயமானதுதான். புதிய பேட்டரி விற்றால் அதில் ஒரு லாபம். பழைய பேட்டரியில் உள்ள ஈயத்துக்கும் விலை உண்டு. வேலையும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதோடு, அவர் கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று மனத்தையும் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அவர் கேட்டது பேட்டரி என்றாலும், அவருக்குத் தேவைப்பட்டது வழியில் நிற்காத வண்டி. பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டவர் அறியாதவர், நாங்களோ அறிந்தவர்கள். அறிந்தவனிடம் ஒப்படைக்கப்படும் வேலை அமானிதம் அல்லவா? அவனுக்கு இதைச் சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துவரச் சொன்னோம்.

ஈய-அமில பேட்டரி ஒன்றும் புதிய பொருள் இல்லை. கஸ்தோன் பிளான்தே என்ற பிரெஞ்சு அறிஞர் 1859ஆம் ஆண்டில் அதை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் மின்சார செல்ஃப் மோட்டார் வந்த பிறகு, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் பாடு மெல்ல மறைந்தது. நம் பக்கத்துக் காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் பேட்டரிகளைப் பற்றிய ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. இத்தனை பழைய பொருளாக இருந்தும், அதன் நிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு செல்களின் தொடர். முழுமையாகச் சார்ஜ் ஏறிய ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆகவே சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஓய்வு என்பது முக்கியம். வண்டியை இப்போதுதான் நிறுத்திவிட்டு உடனே அளந்தால், மேலோட்டமாக ஏறிநிற்கும் சார்ஜ் பொய்யான எண்ணைக் காட்டும்.

டீச்சரம்மாவின் வண்டியில் இருந்தது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அது காட்டியதோ 11.4 வோல்ட். இந்த எண்ணைப் பார்த்ததும் "போச்சு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் காலியாக இருப்பது வேறு, கெட்டுப்போவது வேறு. பசித்திருப்பவனை நோயாளி என்று சொல்வோமா? கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காகிய 3.5 ஆம்பியரில் மெதுவாக, இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றினோம். சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுநாள் மாலைவரை ஓய்வில் வைத்தோம். அதன்பின் 12.6 வோல்ட். ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லின் அமிலத்தையும் உறிஞ்சிப் பார்த்தபோது ஆறும் 1.240க்கும் 1.250க்கும் இடையில் ஒன்றுபோல நின்றன. ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் குறைந்திருந்தால் அந்தப் பேட்டரியைக் கழித்திருப்போம். சுமை வைத்துப் பார்த்தபோதும் அது தாக்குப்பிடித்தது. ஆக, பேட்டரி நலமாகவே இருந்தது. யாரோ அதைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அல்லது யாரோ அதை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். கண்டறிய வேண்டியது அதைத்தான்.

முதலில் செல்ஃப் அடித்துப் பார்த்தோம். எஞ்சின் முக்கி முனகிச் சுழன்றது. அந்த நேரத்தில் பேட்டரி முனைகளில் 10.4 வோல்ட் இருந்தது. அது போதுமான அளவுதான். அப்படியானால் எஞ்சின் ஏன் திணறுகிறது? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் இரும்பு உடலிலும் வைத்து மீண்டும் செல்ஃப் அடித்தோம். 2.1 வோல்ட்! அங்கே 0.2க்கு மேல் இருக்கக் கூடாது. செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையை அவிழ்த்துப் பார்த்தபோது, வெளியே முழுதாகத் தெரிந்த அதன் பின்னலில் போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பும் துருவும் நிறைந்திருந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். செல்ஃப் அடிக்காமல் அதே இடத்தில் அளந்தால் எல்லாம் சரி என்றே மீட்டர் காட்டும். இற்றுப்போன கம்பியில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், சுமை இல்லாதபோது 12 வோல்ட் அதன் வழியாக வந்து நிற்கும். சுமை ஏறும்போதுதான் அதன் நிலை வெளியே வரும். ஆகவே மின்பணியில் சுமையோடு அளப்பதே உண்மையான அளவு.

ஃபைபர் கிளாஸ் வண்டிகளில் இந்த எர்த் விஷயம் இன்னும் முக்கியமானது. சாதாரணக் கார்களில் தகர உடலே மின்சாரம் திரும்பிவரும் பாதை. ஃபைபர் கிளாஸோ மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் சேஸிஸுக்கு வந்து சேர வேண்டும். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு சிமிட்டுவது போன்ற விசித்திரங்கள் நடக்கும். அந்த விசித்திரங்களைக் கண்டுதான் தரகர் "வயரிங் முழுவதும் கெட்டுவிட்டது" என்றார் போலும்.

எர்த் பட்டையின் கேடு சார்ஜிங்கையும் பாதித்திருந்தது. எஞ்சின் ஓடும்போது, நம் ஊரில் பலரும் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், பேட்டரிக்கு 13.8 முதல் 14.4 வோல்ட் வரை தர வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு அளந்தோம். ஆல்டர்னேட்டரில் 14.3. பேட்டரியில் 13.7. இடையில் காணாமல் போனது அதே பட்டையில்தான். திருவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே சுமார் 11 கிலோமீட்டர் தொலைவு. இருபது நிமிட ஓட்டத்தில், இந்தக் குறைந்த அழுத்தத்தில், வாரம் முழுவதும் இழந்ததைப் பேட்டரி எப்படி மீட்டுக்கொள்ளும்?

புதிய பட்டை போட்டோம். பொருத்தும் இடத்தை உலோகம் தெரியத் தேய்த்து இறுக்கினோம். செல்ஃப் அடிக்கும்போது 2.1 ஆக இருந்தது 0.1 ஆனது. ஹெட்லைட்டுடன் பேட்டரியில் 14.2 வந்தது. ஆனால் வாரம் முழுவதும் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பேட்டரி இவ்வளவு இழந்தது ஏன் என்ற கேள்வி மிச்சமிருந்தது.

நிறுத்தி வைத்த வண்டியிலும் சிறிதளவு மின்சாரம் போகும். கடிகாரமும் ரேடியோவின் நினைவும் அதைக் கேட்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையில் ஆம்பியர் மீட்டரை இணைத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் காத்திருந்தோம். இந்தச் சோதனையின்போது செல்ஃப் அடிக்கவே கூடாது; மீட்டர் கருகிவிடும். மீட்டர் 350 மில்லி ஆம்பியர் காட்டியது. கணக்கைப் பாருங்கள்: 0.35 ஆம்பியர் 24 மணி நேரம் போனால் 8.4 ஆம்பியர்-மணி. நான்கே நாளில் ஏறக்குறைய 34. முழுதாக நிரம்பிய 35 ஆம்பியர்-மணி பேட்டரியே அத்துடன் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கு ஞாயிறு ஓட்டுகிறவரின் வண்டி என்னவாகும்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினோம். எண் இறங்கவில்லை. எல்லா ஃபியூஸ்களும் வெளியே வந்த பிறகும் மீட்டர் 350இலேயே நின்றது. ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதானாலும் இப்படி மின்சாரம் கசியும்; அதன் தடித்த வயரைக் கழற்றிப் பார்த்தோம். மாற்றம் இல்லை. அப்படியானால் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் நேராகப் பேட்டரியிலிருந்து எதுவோ எடுத்துக்கொள்கிறது. பாசிட்டிவ் முனையின் பிடியை மெல்லத் தூக்கியபோது, அதன் அடியில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று செருகப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் இருக்கைக்குப் பின்னால், விரிப்பின் அடியில், பாட்டுப் பெட்டிக்கான ஆம்ப்ளிஃபையர் ஒன்று. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. பாட்டுப் பெட்டியைப் போடும்போது மட்டும் அதை எழுப்ப வேண்டிய வயரை, எப்போதும் மின்சாரம் இருக்கும் வயருடன் முறுக்கி, நாடா சுற்றி விட்டிருந்தார்கள். இரவும் பகலும் அது விழித்தே இருந்தது. ஃபியூஸ் கூட இல்லாமல் உலோக விளிம்பை உரசிச் சென்ற அந்த வயர் ஒருநாள் தீப்பிடித்திருந்தாலும் வியப்பில்லை.

வேறொரு நகரத்தில் ஏதோ ஒரு கடையில், முன்னொரு காலத்தில் செய்த வேலை அது. செய்தவர் யாரென்று டீச்சரம்மாவுக்கும் தெரியாது. தம் கணவர் அந்த வண்டியில் பழைய பாடல்களைக் கேட்டபடி போவார் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி எறிந்துவிடாமல், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டு, எழுப்பும் வயரைப் பாட்டுப் பெட்டியுடன் முறையாக இணைத்தோம். மீட்டர் 20 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. மாஷா அல்லாஹ், எட்டு நாள் நிறுத்தி வைத்த பிறகும் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

எர்த் பட்டை, வயர், ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்ந்து ஒரு புதிய பேட்டரியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. டீச்சரம்மா பட்டியலை இரண்டு முறை படித்தார். "அப்போ அந்த ரெண்டு பேட்டரியும்?" என்று கேட்டார். முதலாவது எப்படி இருந்தது என்பதை நாங்கள் அளந்து பார்த்ததில்லை. அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இப்ப உள்ளது நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னோம்.

விற்கும் முடிவில் அவர் மாறவில்லை. வயது ஏறுகிறது, இவ்வளவு தாழ்ந்த வண்டியில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றார். வாங்க வருபவரிடம் காட்ட ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார். எழுதத் தொடங்கியபோது அவரே தயங்கி, "ஹெட்லைட் வயரைப் பத்தியும் எழுதணுமா தம்பி?" என்று கேட்டார். ஹெட்லைட்டுக்குச் செல்லும் வயரின் உறை வெப்பத்தில் இறுகி வெடிக்கத் தொடங்கியிருந்தது. உடனே ஆபத்தில்லை, ஆனால் ஓராண்டுக்குள் மாற்றியாக வேண்டும். தரகர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மையும் இருந்தது.

கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்கள் ஈரத்தை உணர்ந்ததும், மேலே உலர்ந்ததும் அடியில் நனைந்ததுமாகக் குவித்திருந்த வணிகரை அவர்கள் கண்டித்ததும் நாம் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி. விற்பவர் மறைப்பதையும், அதற்கு நடுவில் நிற்பவர் துணைபோவதையும் பற்றி நமக்கு வேறு பாடம் தேவையில்லை. "எழுதிருவோம்மா. மாத்த எவ்வளவு ஆகும்ங்கிறதையும் சேர்த்தே எழுதிருவோம்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதீங்கன்னு பாடம் எடுத்தவ. எழுதுங்க" என்றார்.

அந்த மாதமே ராஜபாளையத்தைச் சேர்ந்த ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். தாளை வாசித்தார். அதில் இருந்த எண்களைத் தாமே ஒரு மீட்டரை வைத்துச் சரிபார்த்தார். ஹெட்லைட் வயருக்கு ஆகும் தொகையை மட்டும் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். தரகர் குறைத்துக் கேட்ட 40,000 எங்கே, இது எங்கே!

இனி, நம் வீடுகளில் உள்ள வண்டிகளுக்காகச் சில வார்த்தைகள்.

உம்ராவுக்கோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கவோ இரண்டு வாரங்களுக்கு மேல் செல்வோர், வீட்டில் நிற்கும் பழைய வண்டியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். ஸ்பானர் தவறி எங்கே பட்டாலும் தீப்பொறி எழாமல் இருக்க இதுவே வழி. புதிய வகைக் கார்களில் இதைச் செய்யும் முன் வண்டியுடன் வந்த கையேட்டைப் பாருங்கள்.

காலியான பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகிவிட்டால் நல்ல பேட்டரியும் உண்மையிலேயே கெட்டுவிடும். நம் மாவட்டத்து வெயில் அதன் ஆயுளை ஏற்கெனவே குறைக்கிறது. நிழலில் நிறுத்துவதும் ஒரு பராமரிப்புத்தான். மூடி திறக்கும் வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ கூடுதல் அமிலமோ வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. வேலை தொடங்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

பட்டறைக்குச் சென்றால், "பேட்டரி போச்சு" என்று சொல்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஓய்வில் எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, எஞ்சின் ஓடும்போது எத்தனை? நேர்மையான மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். மீட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். மூன்று எண்களும் சரியாக இருந்தும் நிறுத்தி வைத்தால் இறங்கிவிடுகிறது என்றால், நான்காவதாகக் கசிவு எத்தனை மில்லி ஆம்பியர் என்று கேளுங்கள். அதை அளக்க அரை மணி நேரமாவது ஆகும். அவருக்கு அந்த நேரத்தையும் அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுங்கள்.

எங்கள் பட்டறை இளைஞன் இப்போது எந்த வண்டி வந்தாலும் மீட்டரைத் தொடுவதற்கு முன் வாயைத் திறப்பதில்லை. சென்ற வாரம் ஒரு வேனை அளந்துவிட்டு வந்து, "அண்ணே, இது நெசமாவே பேட்டரிதான். மூணாவது செல் செத்துருச்சு" என்றான். ஹைட்ரோமீட்டரை வாங்கிப் பார்த்தோம். சரியாகத்தான் சொல்லியிருந்தான். அன்று அந்த வேனுக்குப் புதிய பேட்டரி விற்றோம், அல்ஹம்துலில்லாஹ்.